கடித்துப் பார்த்த துண்டு

கர்ரென்று தகரம் சிமென்டில் இழுபடுகிற சத்தம். நிற்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடியும் கர்ர். கண்ணைத் திறக்காமலே சேர்மத்துரை அதை ஐஸ் கேன் என்று முடிவுகட்டிவிட்டான். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த கேனை லிங்கதுரை தரையோடு இழுத்துக்கொண்டு போகிறான், தூக்கிக்கொண்டு போ என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டான், பெண்டாட்டியின் தம்பி என்கிற செல்லம், இழுத்து இழுத்து அடி தேய்ந்து ஒருநாள் ஓட்டை விழும், விழுந்தால் முதலாளி அவனையா கேட்பார், ராத்திரி ஆபரேட்டர் யார் என்றுதான் கேட்பார். "தூக்குல" என்றான். சொன்னது தன் காதிலேயே விழுந்து விழிப்புத் தட்டியது. ராத்திரி இல்லை. பட்டப்பகல். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. நனைத்து நெஞ்சில் போட்டுப் படுத்த துண்டு அப்பளமாக விறைத்துக் கிடந்தது. மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று ஜன்னலில் தொங்கவிட்ட சாக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்பதுபோல. மறுபடியும் கர்ர். நாயின் தட்டு. வழித்து நக்கி முடித்துவிட்டு வெறுந்தட்டை உருட்டுகிறது, தண்ணீர் கேட்கிறது, எழுந்து ஊற்ற வேண்டும். எழவில்லை. விழித்ததும் செய்கிற காரியத்தைச் செய்தான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு நீண்ட இழுப்பு இழுத்தான். காற்று போயிற்று. சூடாகப் போயிற்று. அவ்வளவுதான். தலையணையின் எண்ணெய்ச் சிக்கு வாடை, அடுப்படியின் பெருங்காயம், வெளியே காய்கிற மோர்மிளகாய், எதுவும் இல்லை. பேச்சை அமுக்கிவைத்துவிட்டு டிவி பார்ப்பதுபோல ஒரு உலகம். உதடு அசைகிறது, ஆள் நடமாடுகிறது, சத்தமில்லை.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல். மற்றவர்களுக்கும்தான் வந்தது, போயிற்று. அவனுக்குக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்குக்குச் சூடு தெரியும், குளிர்ச்சி தெரியும், மிளகாயின் எரிச்சல் தெரியும். உப்பு, புளிப்பு, கசப்பு என்றால் எல்லாம் ஈரத்தாளை மெல்லுகிற மாதிரி. பத்து நாளில் திரும்பிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தான். பிறகு மாதம் திரும்பியது. சொல்லாமல் இருந்ததே ஒரு காரியமாகிவிட்டது, தினமும் பார்க்க வேண்டிய வேலை. வேறொருவன் என்றால் சொல்லியிருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, நமக்கு இப்போ ஒரு ருசியும் தெரியல பாத்துக்கிடுங்க என்று சிரித்திருக்கலாம். இவனுக்குச் சோறு போடுவதே மூக்குதான். ஐஸ் ஃபேக்டரியில் குழாய்க்குள் ஓடுவது அமோனியா வாயு. நூல் அளவு கசிந்தாலும் அரைத்தூக்கத்தில் எழுந்து நேரே அந்த வால்வுக்குப் போய் நிற்பான். படித்து வந்ததில்லை, இருபது வயதில் எண்ணெய் துடைக்கப் போனவன் துடைத்துத் துடைத்துக் கற்றது. கசிவு மணி அடிக்கிற பெட்டி கெட்டுப்போனபோது முதலாளி, சேர்மத்துரை மூக்கு இருக்கும்போது மிஷின் என்னத்துக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும். பெட்டி அப்படியே சுவரில் தொங்குகிறது, அதற்குள் பல்லி முட்டை போட்டிருக்கிறது. தை மாதத்தில் ஒருநாள் லிங்கதுரை தொட்டிப் பக்கமிருந்து கண் சிவக்க, இருமிக்கொண்டே ஓடிவந்து "அத்தான், வாயு" என்றான். கசிந்த குழாயின் அடியில்தான் சேர்மத்துரை நின்றுகொண்டிருந்தான், வெற்றிலை போட்டுக்கொண்டு. வாயு காற்றோடு தொட்டிப் பக்கம் போனதில் அவன் கண்கூட எரியவில்லை. "தெரியும்ல, அடைக்கத்தான வந்து நிக்கேன்" என்றான். அவ்வளவு சுருக்காக எப்படி வந்தது அந்த வார்த்தை. இப்போதும் படுத்தால் அதுதான் முதலில் வருகிறது. லிங்கதுரை நம்பினான். நம்பியதோடு வெளியே போய், அத்தான் நமக்கு முந்தியே மோந்துட்டாவ என்று மற்றவர்களிடம் பெருமை பேசினான். மறுநாளிலிருந்து கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு வால்வாகக் காட்டிப் பார்க்க ஆரம்பித்தான். கசிவு இருந்தால் திரியைச் சுற்றி வெள்ளையாகப் புகை கிளம்பும். புது ரூல் என்று சொல்லிவைத்தான். திரி எரிகிற நேரத்துக்குத் திரி. அணைந்தபிறகு கண் எரிந்தால்தான் உண்டு, கண் எரிகிறபோது நேரமாகியிருக்கும்.

கர்ர். எழுந்தான். சாக்கை விலக்கியதும் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. முற்றம் சின்னது. பத்து வெண்டை, நாலு கத்தரி, பச்சை மிளகாய், சுவரோரம் ஒரு கறிவேப்பிலை. உப்புத்தண்ணீர் ஊரில் இவையெல்லாம் அரிசி கழுவின தண்ணீரில் பிழைத்துக் கிடப்பவை. நாய்க்குப் பெயர் மேனேஜர். ஐஸ் ஃபேக்டரி எடைமேடையில் குட்டியாக உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் குரைத்ததால் வந்த பெயர். அது அலுமினியத் தட்டை மூக்கால் நெட்டிக்கொண்டு போய்க் கறிவேப்பிலைத் தூரில் சேர்த்திருந்தது. தட்டு வெறுந்தட்டு இல்லை. காலையில் பிசைந்து வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அதன்மேல் மூக்கால் மண்ணை அள்ளி அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தது, மூடப் பார்க்கிற மாதிரி. "என்னல மேனேஜர், ருசி பத்தலையோ" என்றான். நாய் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் மண்ணைத் தள்ளியது. வெயில். வெயிலில் மனுஷனுக்கே சோறு இறங்குவதில்லை. ஆனால் இது துணி சோப்பைத் தின்ற நாய். சித்திரையில் காய்ந்த நெத்திலித் தலையை மண்ணோடு சேர்த்துத் தின்ற நாய். காய்ச்சலில் கிடந்தபோதும் தட்டை வைத்தால் படுத்தபடியே நக்கும். வெயில்தான். குனிந்து தட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான், பழக்கம். ஊசிப்போயிருக்குமோ. விரலால் தொட்டான், நூல் விடவில்லை. காலையில் ஆக்கிய கூட்டு இதற்குள் ஊசாது. சோறு நேற்றைய சோறு, நல்ல சோறு, இதே சோற்றில் தண்ணீர் விட்டுத்தான் அவன் குடித்துவிட்டுப் படுத்தான். பிறகு என்ன இருக்கிறது இதில். சோறு, சுரைக்காய்க் கூட்டு.

சுரை அவன் நட்டதில்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குப்பையில் தானாக முளைத்தது. பெண்டாட்டி செல்வக்கனி பிடுங்கப் போனாள், கிடக்கட்டும்ளா என்று தடுத்தவன் அவன்தான். குளியலறை ஓலையில் ஏற்றிவிட்டான், ஒரே மாசத்தில் ஓலை தெரியாமல் மூடிக்கொண்டது. முதல் காய் பச்சைப்பிள்ளையின் முழங்கை மாதிரி, மேலெல்லாம் பூனைமயிர். இன்று விடிந்து வேலை முடிந்து வந்ததும் அதைத்தான் அறுத்தான். அவள் இறால் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும், விடிகாலையில் ஆக்குவது இவன் பாடு, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். வீட்டுக் கொடியில் காய்த்த சுரையென்றால் காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்து கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு அரிய வேண்டும். இது அவனுக்குத் தெரியாததில்லை. அரிந்தான். கடித்தான். நறுக்கென்றிருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. குளித்துக்கொண்டே அவள் கேட்டாள், "கடிச்சுப் பாத்தியளா?" "பாத்தேன், தேனா இருக்கு." "சுரைக்கா என்னைக்குத் தேனா இருந்துச்சு, பொய்யளக்காதிய." தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் அவள் சிரித்தாள். பாத்தேன் என்றால் பார்த்தான்தானே. துண்டு பல்லுக்குள் போனது நிஜம், மென்றது நிஜம். பொய் அந்தத் தேனில்தான் இருந்தது. ஏன் தேன் என்றான். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சப்புன்னு இருக்கு என்று சொல்லியிருக்கலாம், சுரைக்காய் சப்பென்றுதான் இருக்கும். தெரியாதவன்தான் கூடுதலாகச் சொல்வான். ஆறு மாதமாக அவன் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். கசந்திருந்தால் என்ன. கசந்தால் யாராக இருந்தாலும் முதல் வாயிலேயே துப்பிவிடுவார்கள். நாயே துப்புகிறது. அவளும் துப்பியிருப்பாள், கம்பெனிச் சாப்பாட்டுக்கொட்டகையில் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருப்பாள், சாயங்காலம் வந்து ஒரு பாட்டு பாடுவாள், பாடட்டும். ஆனால் அவளுக்குச் சுகர். அந்த எண்ணம் வந்ததும் தட்டைக் கீழே வைத்தான். அவள் துப்பமாட்டாள். சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து காலையில் வெந்தயம், வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, வேப்பம்பூ ரசம். கசப்பு நாக்கில் பட்டால் மருந்து உள்ளே இறங்குகிறது என்று ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் வரும். கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடிப்பாள். இவனே பக்கத்தில் நின்று "குடி, கசந்தாத்தான் நல்லது" என்று சொல்லியிருக்கிறான். இன்றைக்கு டப்பாவைக் கட்டும்போதுகூட, சோத்தக் குறைச்சுக் கூட்டக் கூட வையுங்க என்றாள். நிறைய வைத்தான். அழுத்தி வைத்தான்.

சட்டியில் மிச்சம் இருந்தது. ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு நின்றான். மென்மையாக இருந்தது, பருப்பு குழைந்திருந்தது, மிளகாய் ஒரு ஓரத்தில் சுரீரென்றது. நாக்கை அண்ணத்தில் தேய்த்தான், கண்ணை மூடினான், இருட்டில் சாவித்துவாரத்தைத் தேடுகிறமாதிரித் தேடினான். கிடைக்கவில்லை. துப்பினான். ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனான். அடுத்த வீட்டு எஸ்தர் சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன, ஆந்தைக்கு அதுக்குள்ள விடிஞ்சிட்டா?" என்றாள். "தூக்கம் வரல மதினி. இதுல கொஞ்சம் உப்புப் பாருங்க." "பெண்டாட்டி இல்லாத நேரமாப் பாத்து என்கிட்ட உப்புப் பாக்கச் சொல்லுதியரே கொழுந்தனாரே, ஊர் என்ன சொல்லும்" என்று சிரித்துக்கொண்டே விரலால் தொட்டு வாயில் வைத்தாள். கொடுத்த கை நீட்டியபடியே நின்றது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது, அந்த நொடியில் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிரஷர் மானியில் முள் ஏறுவதைப் பார்க்கிற மாதிரி. முகம் கோணியது. "த்தூ. யாத்தே. என்னா கசப்பு, பேய்ச்சுரைல்லா இது" என்று திரும்பி ஓடிக் குழாயில் வாய் கொப்பளித்தாள். கொப்பளித்துவிட்டு மறுபடியும் வந்தாள். "எங்க பெரியம்மை மவன் இத சுகருக்கு நல்லதுன்னு சாறு புழிஞ்சு குடிச்சவன்தான். ரத்தமா எடுத்துத் தள்ளிட்டான். ஆஸ்பத்திரில ஆளு பொழைப்பானாங்கிற மாதிரி ஆயிட்டு. நீங்க தின்னுட்டியளா?" "இல்ல, இனிமத்தான்." "செல்வி கொண்டுட்டுப் போயிட்டாளா?" கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்தது. ஆமாம் என்றால் போதும். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, கடிச்சுப் பாக்கலையா என்பது. அதற்கடுத்தது, பாத்தும் தெரியலையா என்பது. எஸ்தர் லிங்கதுரையின் பெண்டாட்டியோடு ஒரே கோயிலுக்குப் போகிறவள், இங்கே சொன்னது அங்கே போய்விடும். "இல்ல மதினி" என்றான். "அவளுக்கு இன்னைக்குத் தயிர்ச்சோறுதான்." "ஆண்டவர் காப்பாத்துனாரு. அந்தக் கொடிய வெட்டித் தூரப் போடுங்க மொதல்ல" என்றாள் எஸ்தர்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். எதற்குச் சாத்தினான் என்று தெரியவில்லை, மறுபடியும் திறந்தான். அவள் போனுக்கு அடித்தான். அடித்து அடித்து நின்றது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலில் வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள், அவனுக்குத் தெரியும். தெரிந்தே இன்னொரு தரம் அடித்தான். வாசல் ரூம் நம்பர் இருந்தது. காவல்காரர் எடுத்தார். "கேட்டு ரூமு. யாரு?" "உரிக்கிற செக்ஷன்ல செல்வக்கனி. அவ வீட்டுக்காரன் பேசுதேன்." "சாப்பாட்டு மணி அடிச்சு, சாப்புட்டு, எல்லாரும் உள்ள போயாச்சே அண்ணாச்சி. என்ன, அவசரமா?" போனுக்குள் லாரி ஒன்று பின்னால் வருகிற பீப் பீப் கேட்டது. சாப்பிட்டாயிற்று. சாப்பிட்டாயிற்று என்றால் இனிச் சொல்லி என்ன. சாப்பிடாதே என்று சொல்வதற்குத்தானே கூப்பிட்டது. "அவசரம் ஒண்ணுமில்ல" என்றான். "சும்மாத்தான். வெளிய வந்தா பேசச் சொல்லுங்க." வைத்தபிறகுதான் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது தெரிந்தது. ஆளைப் பாருங்கள், மயக்கம் வருகிறதா பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மறுபடியும் அடிக்கலாம். விரல் நம்பரின்மேல் நின்றது. அவசரமில்லை என்று சொன்னவன் அடுத்த நிமிஷம் அவசரம் என்றால் என்ன நினைப்பார். என்ன நினைத்தால் என்ன. வந்திருந்தால் இதற்குள் வந்திருக்கும், வாந்தியென்றால் உடனே வந்திருக்கும், அவர்களே கூப்பிட்டிருப்பார்கள். ஒருவேளை டப்பாவைத் திறக்கும்போதே நழுவவிட்டிருப்பாள். எஸ்தர் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவள். ஒருவேளை கொதித்ததில் விஷம் முறிந்திருக்கும், எஸ்தர் நாக்குக்கு மட்டும்தான் அப்படிக் கசந்திருக்கும். ஆனால் நாயும் தின்னவில்லையே. சட்டையைப் போட்டான். வண்டிச் சாவியை எடுத்தான். கம்பெனி வாசலில் போய் நின்று என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று மேலே ஏறிப் பூட்டியிருந்தது, கழற்றி மறுபடியும் பூட்டினான். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. அவளாகவே கூப்பிடட்டும். சுளகை எடுத்து ரேஷன் அரிசியைக் கொட்டிக்கொண்டு வாசல் நிலையில் உட்கார்ந்தான். கல் பொறுக்கினான். கறுப்புக் கல் சுலபம், வெள்ளைக் கல்தான் அரிசி மாதிரியே கிடக்கும், விரலால் நெருடித்தான் பிடிக்க வேண்டும். விரல் இன்னும் இருக்கிறது. கண் இருக்கிறது, காது இருக்கிறது. ஃபேக்டரியில் குழாய்மேல் பனி எங்கே உருகியிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும், கம்ப்ரசர் சத்தம் மாறினால் காது சொல்லிவிடும், ஓட்டிவிடலாம், இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம். இதை எதற்கு இப்போது யோசிக்கிறோம் என்று பட்டது. அங்கே அவள் எப்படி இருக்கிறாளோ, இங்கே உட்கார்ந்து வேலையைப் பற்றி. ஒரு கல், இன்னொரு கல். நிழல் நிலைப்படியைத் தாண்டிப் போயிற்று.

போன் அடித்தபோது பெயரைப் பார்த்தான். லிங்கதுரை. இந்நேரம் தூங்குகிறவன். "அத்தான்" என்றான் அவன், "அக்காவ ஆஸ்பத்திரில சேத்துருக்கு. கம்பெனி வேன்ல கொண்டாந்தாங்க, என் நம்பரத்தான் குடுத்துருக்கா. வாந்தி நிக்கல. ரெண்டு தரம் ரத்தம் கலந்து வந்துட்டு. பிரஷர் ரொம்பக் கீழ எறங்கிட்டாம். இப்பம் பாட்டில் ஏறுது, பயமில்லங்காங்க, ரெண்டு நாளு இருக்கணுமாம்." "நான் வாரேன்" என்று எழுந்தான். மடியிலிருந்து சுளகு சரிந்தது, பிடித்துக்கொண்டான். "இருங்க, அக்கா பேசணுங்கா." பிறகு மூச்சு. "கசந்துது" என்றாள் செல்வக்கனி. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறமாதிரி வந்தது. "பக்கத்துல இருந்தவ துப்புடின்னா. நான்தான் சுகருக்கு நல்லதுன்னு பூராவையும் தின்னேன்." அவன் சுளகைத் தரையில் வைத்தான். "கடிச்சுப் பாத்தேன்னிய." "பாத்தேன் செல்வி." "பாத்தியளா?" "பாத்தேன்." அங்கே ஏதோ பாத்திரம் விழுந்தது, யாரோ ஒரு நர்ஸ் யாரையோ திட்டினாள். "அப்பம் உங்களுக்கு நாக்கு இல்ல" என்றாள் அவள். கோபம் இல்லாமல், கணக்குப் போட்டு விடை சொல்கிறமாதிரி. "அன்னைக்குப் புளிச்சுப்போன சாம்பார ரெண்டாந்தரம் வாங்கி ஊத்தித் தின்னிய. நான் களைப்புன்னு நெனச்சேன். மூக்கு இருக்கா?" பக்கத்தில் லிங்கதுரை நின்றுகொண்டிருப்பான். சேர்மத்துரை நாயைப் பார்த்தான். அது நிழலில் நீட்டிப் படுத்து வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருக்கு என்று சொல்லலாம். இருக்கு என்பது அவனுக்குள் தயாராக நின்றது, ஒரு வார்த்தை கூடுதலோடு. "இல்ல" என்றான்.

போன் கைமாறியது தெரிந்தது. "எப்பம்ல இருந்து அத்தான்?" என்றான் லிங்கதுரை. "ஐப்பசி." "ஐப்பசில இருந்து நான் அந்தக் குழாய்க்கு அடியில" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் நிறுத்திய இடத்தில் சேர்மத்துரையும் நின்றான். அங்கே குழாய் இருந்தது, குனிந்து கேனைக் கொக்கியில் மாட்டுகிற ஒரு முதுகு இருந்தது, ஒவ்வொரு ராத்திரியும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அவன் வெற்றிலை போட்டிருக்கிறான். கத்துவான் என்று எதிர்பார்த்தான், கத்தினால் தேவலை. "இன்னைக்கு நீங்க ஷிப்டுக்கு வராதிய" என்றான் லிங்கதுரை. "முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். மணிப் பெட்டியச் சரிபண்ணாம யாரும் உள்ள போறதா இல்ல." "சரி." "இங்கயும் இப்பம் வரவேண்டாம். அவளுக்குப் பேசப் பேசக் கொமட்டுது." "சரில." வைக்கப்போகிறான் என்று நினைத்தபோது தூரத்தில் அவள் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, லிங்கதுரை குனிந்து கேட்டுவிட்டுத் திரும்பச் சொன்னான். "கஞ்சி குடிக்கலாம்னுட்டாங்களாம், சாயங்காலத்துக்கு மேல. வச்சு வையுங்க, நான் வந்து வாங்கிட்டுப் போறேன்." "சரி." "உப்புப் போட வேண்டாங்கா. இங்க வச்சு அவளே போட்டுக்கிடுவாளாம்."

போன் நின்றபிறகும் காதிலேயே வைத்திருந்தான். பிறகு எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். எஸ்தர் வீட்டில் மிக்சி ஓடி நின்றது. கச்சான் ஓய்ந்திருந்தது, வெண்டை இலைகள் அசையாமல் தொங்கின. நிலையில் உட்கார்ந்தான். சுளகை மடியில் வைத்து, பொறுக்காத பக்கத்திலிருந்து கஞ்சிக்கு ஒரு கை அரிசியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் பரப்பினான். கல்லைத் தேட ஆரம்பித்தான்.